கசந்தால் ஆல்கலாய்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்து வீட்டுக்குப் பின்னால் நிலவேம்பு தானாக முளைத்துக் கிடக்கும். காய்ச்சல் என்றால் பாட்டி ஒரு பிடி பறித்துக் கொதிக்க வைத்துவிடுவார். மலாய்க்காரர்கள் இதை ஹெம்பெடு பூமி என்பார்கள், அதாவது பூமியின் பித்தம். குடித்தவர்களுக்குப் பெயர்க் காரணம் புரியும். தெரிந்த செடிதானே, சுலபமாக முடித்துவிடலாம் என்று இறுதியாண்டு ஆய்வுக்கு அதையே எடுத்தேன்.

முதல் தப்பு பஸ் ஏறும் முன்பே நடந்துவிட்டது. இலை வாடிவிடுமே என்று எஃப்.ஏ.ஏ. கரைசலில் ஊறப்போட்டு எடுத்துப்போனேன். ஃபார்மலின், அசெட்டிக் அமிலம், ஆல்கஹால் சேர்ந்த கரைசல் அது. நிலவேம்பு இலையின் புறத்தோலில் சிஸ்டோலித் என்ற கட்டிகள் செல்லுக்குள் இருக்க வேண்டும். நுண்ணோக்கியில் இரண்டு நாள் தேடினேன், ஒன்றும் தென்படவில்லை. சிஸ்டோலித் என்பது கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் கரைந்துபோகும். பார்க்க வேண்டியதை நானே கரைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்! அடுத்த வாரம் ஈரத் துணியில் சுற்றிப் பச்சை இலையாகவே கொண்டுபோனேன். வெட்டிப் பார்த்தால் வரிசையாக நிற்கிறது. ஓரத்தில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டதும் குமிழி கிளம்பியது. அந்தக் குமிழியைப் படம் எடுத்து வையுங்கள், அமிலத்தில் குமிழி விடாத கால்சியம் ஆக்சலேட் படிகம் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

இலையை வெட்டுவதற்கு மரவள்ளித் தண்டின் நெட்டியைப் பிளந்து நடுவில் செருகினேன். புது பிளேடு முக்கியம். மேல் புறத்தோலுக்குக் கீழே ஓர் அடுக்கு பாலிசேட், அதாவது நெடுக்காக நெருங்கி நிற்கும் செல்கள், தெரியும். அடிப்புறத்தை உரித்தால் டயாசைட்டிக் இலைத்துளைகள்: இரண்டு துணை செல்கள், அவற்றின் பொதுச்சுவர் காப்பு செல்களுக்குச் செங்குத்தாக இருக்கும்.

அப்புறம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. கசப்புக்குக் காரணம் என்ன என்றார் தேர்வாளர். "ஆல்கலாய்டு" என்றேன், யோசிக்காமல். "அப்படியா, நைட்ரஜன் எங்கே?" என்றார். ஆல்கலாய்டு என்றால் நைட்ரஜன் இருக்க வேண்டும். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆன்ட்ரோகிராஃபோலைடின் வாய்பாடு C₂₀H₃₀O₅, நைட்ரஜனே கிடையாது. அது டைடெர்பீன் லாக்டோன் என்ற வேறு வகைச் சேர்மம். இவ்வகை லாக்டோனைச் சோதிக்கும் கெட்டே வினைப்பொருளில் ஊதா நிறம் தரும். தண்ணீரில் சரியாகக் கரையாது, மெத்தனாலில் பிரித்தெடுங்கள். இத்தனையும் என் அறிக்கையிலேயே இருந்தது, வாய்க்குத்தான் வரவில்லை.

அடுத்த கேள்வி ஆடாதோடையாக இருக்கலாம். அதே குடும்பம், அதே டயாசைட்டிக், அங்கும் சிஸ்டோலித் உண்டு, கசப்பும் உண்டு. ஆனால் அதில் இருப்பது நைட்ரஜன் உள்ள வாசிசின். அங்கே தைரியமாக ஆல்கலாய்டு என்று சொல்லலாம்.