ஷட்ஜம் இடம் மாறாமல் ஆர்க்கெஸ்ட்ரா எழுதுவது

கர்நாடகக் கீர்த்தனை ஒன்றுக்கு ஸ்ட்ரிங்ஸ் எழுதித்தரும் வேலை வந்தால், கார்டுகளைப் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) பற்றி யோசிப்பதற்கு முன்பு பாடகரின் சுருதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெண் குரல் பெரும்பாலும் ஐந்து அல்லது ஐந்தரைக் கட்டை, ஆண் குரல் ஒன்றிலிருந்து இரண்டு. கட்டை என்பது ஷட்ஜம் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதன் அளவு; ஐந்தரைக் கட்டை என்பது ஜி ஷார்ப். அதை அப்படியே எழுதினால் வாசிப்பவர்களுக்குத் தலைவேதனை. ஏ ஃபிளாட் என்று நான்கு ஃபிளாட்டில் எழுதினால் காகிதத்தில் பிரச்சினை தீரும், ஒலியில் தீராது. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் எதிலும் ஏ ஃபிளாட்டோ இ ஃபிளாட்டோ ஓபன் தந்தியாக (விரல் வைக்காமல் ஒலிக்கும் தந்தி) இல்லை. தம்புராவோடு சேர்ந்து முழங்க வேண்டிய சா-பா (ஷட்ஜமும் பஞ்சமமும்) முழுவதும் விரல் அழுத்திய தந்தியில் மங்கித்தான் வரும்.

அரைக் கட்டை இறங்கி ஐந்துக்கு வர முடியுமா என்று பாடகரிடம் கேட்கலாம். ஜி ஷட்ஜம், டி பஞ்சமம் என்றால் நான்கு வாத்தியங்களிலும் இரண்டுமே ஓபன் தந்தி. ஆர்க்கெஸ்ட்ராவின் நாதமே மாறிவிடும். முடியாது என்று சொன்னால் வற்புறுத்தக் கூடாது. அவர் குரலின் தார ஸ்தாயிக் காந்தாரம் எங்கே மலரும் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்போது செல்லோவில் ஒரு டெஸ்க்கை (ஒரே ஸ்டாண்டைப் பார்த்து வாசிக்கும் இருவர்) மட்டும் ஜி, டி தந்திகளை அரை ஸ்வரம் ஏற்றிக்கொள்ளச் சொல்லி, சுருதி பிடிக்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுப்பது நல்ல வழி. ஒரே டெஸ்க்கில் இருக்கும் இருவரும் வில்லை ஒரே நேரத்தில் திருப்பக் கூடாது என்று பார்ட்டில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு திருப்பத்திலும் நாதம் அறுந்து கேட்கும்.

ஹார்மனிக்கு வருவோம். மோகனம் எளிமையாகத் தெரியும், ஆனால் அதிகம் ஏமாற்றும் ராகமும் அதுதான். ஸ ரி க ப த (ஷட்ஜம், ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், தைவதம்) என்ற ஐந்து ஸ்வரங்களில் மூன்று ஸ்வரக் கார்டுகள் இரண்டுதான் முழுமையாகக் கிடைக்கும்: ஸ-க-ப மேஜர், த-ஸ-க மைனர். வெஸ்டர்ன் படித்த கை உடனே ஸ்கேலின் நான்காம், ஐந்தாம் ஸ்வரங்களில் எழும் கார்டுகளைத் தேடும். நான்காவதற்கு மத்யமம் வேண்டும், ஐந்தாவதற்கு நிஷாதம் வேண்டும். இவற்றை வயோலாவில் எவ்வளவு மெதுவாக ஒளித்து வைத்தாலும் மோகனம் கரைந்து சங்கராபரணம் எட்டிப்பார்க்கும்.

சரி, ராகத்தில் உள்ள ஸ்வரங்களை மட்டுமே வைப்போம் என்று பேஸில் தைவதத்தை நிறுத்தி அதன்மேல் த-ஸ-க எழுதினால் வேறொரு விபத்து நடக்கும். காது அந்தத் தைவதத்தையே ஷட்ஜமாக எடுத்துக்கொள்ளும். பாடகர் மோகனம் பாடிக்கொண்டிருக்க, கேட்பவருக்குச் சுத்த தன்யாசி கேட்கும். பேஸ் காந்தாரத்தில் நின்றால் ஹிந்தோளம். கிரக பேதம் (ஷட்ஜத்தை வேறொரு ஸ்வரத்துக்கு மாற்றி வேறு ராகம் கேட்கச் செய்வது) வித்வான் வேண்டுமென்றே செய்யும்போது அழகு, பேஸ் லைன் தெரியாமல் செய்யும்போது பாடகரின் காலுக்குக் கீழே தரையை இழுத்துவிடுகிறது. அதனால் கீழே சா-பா அசையாமல் நிற்கட்டும். த-ஸ-க நடு ஸ்தாயிக்கு மேலே, இரண்டாம் வயலின்களில் வந்து போகட்டும். ரிஷபத்தைச் சேர்த்த ஸ-ரி-ப, ரி-ப-த போன்ற அடுக்குகள் மோகனத்துக்கு இயல்பாகப் பொருந்தும். ஹிந்தோளத்தில் பஞ்சமமே இல்லை என்பதால் சா-மா வைப்போம். அங்கும் மத்யமம் ஷட்ஜத்துக்கு மேலேதான் இருக்க வேண்டும். அது பேஸில் இறங்கினால் ஆதாரம் அங்கே போய்விடும்.

கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, இதைவிடக் கடினம். தோடியின் காந்தாரம் ஒரு புள்ளியில் நிற்கும் ஸ்வரமல்ல; ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையில் அசைவதுதான் அதன் உருவம். அதன் அடியில் வயோலா 'சாதாரண காந்தாரம்' என்ற பெயருள்ள ஸ்வரத்தை நேராகப் பிடித்தால் பாடகர் அபசுருதியில் பாடுவது போலக் கேட்கும். பழி பாடகர் மேல் விழும், தவறு ஸ்கோரில் இருக்கும். அசையும் ஸ்வரத்தைக் கார்டில் வைக்காதீர்கள். குரல் ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ கார்வை கொடுத்து நிற்கும் இடங்களில் ஹார்மனியை விரியுங்கள். குரல் அசையும் இடத்தில் சும்மா இருங்கள். முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் அவ்வளவு சுலபமாக உட்காருவதற்குக் காரணம், அவை ஐரோப்பிய மெட்டுகளைத் தழுவி, சங்கராபரணத்தில் பெரும்பாலும் கமகமின்றி ஓடுவதுதான். அதே கையால் அவருடைய பெரிய கீர்த்தனைகளைத் தொட முடியாது.

தம்புராவில் தானாக எழும் அந்தர காந்தாரம் (மோகனத்தில் வரும் காந்தாரம்) பியானோ காந்தாரத்தைவிட சுமார் 14 சென்ட் குறைவு; சென்ட் என்பது அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு. ஸ்ட்ரிங்ஸ் காதால் கேட்டு இறங்கிவிடும், பியானோவால் முடியாது. குழுவில் பியானோ இருந்தால் அதன் பார்ட்டில் காந்தாரம் வரும் இடங்களைக் குறைத்துவிடுங்கள். சா-பா நீட்டும் இடமெல்லாம் வைப்ரேட்டோ வேண்டாம் என்றும் எழுதுங்கள்.

பஞ்சமத்துக்கு மாடுலேட் செய்யும், அதாவது பஞ்சமத்தையே புது ஆதாரமாக்கி நகரும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் மிருதங்கத்தின் வலந்தலை (வலது முகம்) ஷட்ஜத்தில் சேர்த்திருக்கிறது, வீணையின் தாளத் தந்திகள் ஸ-ப-ஸ, தம்புராவும் அதேதான். ஆர்க்கெஸ்ட்ரா நகரும்போது இவை மூன்றும் பழைய இடத்திலேயே ஒலித்துக்கொண்டிருக்கும். மாடுலேஷன் உண்மையிலேயே தேவை என்றால் அந்தப் பகுதியில் இவற்றுக்கு ஓய்வு கொடுங்கள், அல்லது வேறு சுருதியில் சேர்த்த இரண்டாவது மிருதங்கத்தை மேடையில் வையுங்கள்.

தாளத்தில் ஆர்க்கெஸ்ட்ரா தடுமாறும் இடம் கோர்வை, அதாவது திரும்பத் திரும்ப வந்து கணக்காக முடியும் சொற்கட்டு. ஆதி தாளம் சதுஸ்ர நடையில் ஓர் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) எட்டு அடி, அடிக்கு நான்காக 32 மாத்திரை, அதாவது ஃபோர்-ஃபோரில் இரண்டு பார். 'ததிங்கிணதொம்' மூன்று முறை, இடையில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை: 5+2+5+2+5, மொத்தம் 19. சமத்தில் (அடுத்த சுற்றின் முதல் அடி) இறங்க வேண்டுமென்றால் 13 மாத்திரை விட்டு 14-ஆவதில் தொடங்க வேண்டும். முதல் ததிங்கிணதொம் அடிக்கு ஒரு மாத்திரை தள்ளி விழும். இரண்டாவது 21-ஆவது மாத்திரையில், சரியாக ஆறாவது அடியில் விழும். வாசிப்பவர்கள் அங்கே நிம்மதியாகிவிடுவார்கள். மூன்றாவதையும் அடியில் எதிர்பார்த்து எட்டாவது அடிவரை காத்திருந்து பிந்திவிடுவார்கள், அது வருவது 28-இல், ஏழாவது அடியின் கடைசி மாத்திரையில். இதைச் சமாளிக்க பாருக்குப் பார் மீட்டரை மாற்றி எழுதுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன்; கண்டக்டரின் கையும் மிருதங்கக்காரரின் தாளமும் பிரிந்துவிடும். மீட்டர் அப்படியே இருக்கட்டும், ஐந்து ஸ்வரங்களையும் ஒரே பீமில் பார் கோட்டைத் தாண்டி இணைத்து, ஒவ்வொரு ஐந்தின் தலையிலும் ஆக்ஸென்ட் போடுங்கள். முதல் ரிஹர்சலில் வாத்தியங்களைக் கீழே வைத்து எல்லோரும் சொற்கட்டைச் சொல்லி ஒருமுறை கைதட்டினால் பாதி வேலை முடிந்தது.

ஆலாபனைக்குப் பார் எண்ணிக்கை கொடுக்க முடியாது, நிமிடமும் குறிக்கக் கூடாது. பாடகர் முடிக்கும்போது கட்டாயம் பாடப்போகும் கடைசிப் பிடியை (சிறு ஸ்வரத் தொடர்) அவரிடமே கேட்டு, ஆர்க்கெஸ்ட்ரா நுழைவதற்கான அடையாளமாக அதை மட்டும் ஸ்டாஃப் நொட்டேஷனில் கண்டக்டரின் ஸ்கோரில் எழுதிவிடுங்கள். அந்தப் பிடி ஆலாபனையின் நடுவில் வேறெங்கும் வராததாக இருக்க வேண்டும்.