தேரிமண்ணும் அல்சூர் மொட்டைமாடியும்

அல்சூரில் எங்கள் மொட்டைமாடித் தொட்டியில் நட்ட முருங்கைப் போத்து, அதாவது வெட்டி நடுகிற கிளை, மூன்றாவது முறையாக அழுகிப்போனது. எதிர்வீட்டு அக்கா வந்து தொட்டி மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தார். கொழுக்கட்டை மாவு மாதிரி உருண்டு நின்றது. "இதுல வேர் எப்படி மூச்சு விடும்? பொங்கலுக்கு எங்க ஊருக்கு வாங்க, முருங்கை நிக்கிற மண்ணக் காட்டுதேன்" என்றார். அவருக்கு உடன்குடிப் பக்கம். பெங்களூருக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. அந்தக் 'காட்டுதேன்' மட்டும் மாறவே இல்லை.

மைசூரு - தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, மறுநாள் தூத்துக்குடியில் இறங்கி, பஸ் பிடித்துத் திருச்செந்தூர் வழியாக உடன்குடி போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலை அக்காவின் அண்ணன் எங்களைக் குதிரைமொழித் தேரிக்குக் கூட்டிப்போனார். ஊரே அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறது, எனக்கும் அவர் அண்ணாச்சிதான். பனைகள் விலகியதும் திடீரென்று எதிரே சிவப்பு. மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கு எட்டும்வரை மணல். இந்தச் செம்மணல் மேட்டைத்தான் தேரி என்கிறார்கள். பெங்களூர் மண்ணும் சிவப்புதானே என்று நினைத்துக்கொண்டே ஒரு கைப்பிடி அள்ளினேன். விரலிடுக்கில் எல்லாம் வழிந்து போய்விட்டது. பாட்டில் தண்ணீரை விட்டு மறுபடி கசக்கினேன். தண்ணீர் காவி நிறத்தில் ஓடியது, உள்ளங்கையில் மிச்சம் நின்ற மணிகள் கொஞ்சம் வெளுத்துத் தெரிந்தன. பெரும்பாலான மணிகள் குவார்ட்ஸ் என்ற படிகக்கல். அவற்றின்மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. எங்கள் ஊர் மண்ணைச் சிவக்க வைப்பதும் இரும்புதான். ஆனால் அதில் களி இருக்கிறது, அதனால் உருண்டை பிடிக்கிறது. இங்கே களி மிகமிகக் குறைவு.

"ஆடி மாசம் வந்தீயன்னா கண்ணத் தொறக்க முடியாது" என்றார் அண்ணாச்சி. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று இந்த மணலை இடம் மாற்றிக்கொண்டே இருக்குமாம். கொல்லாமரமும் உடைமரமும் பனையும் வேரோடிய இடங்களில்தான் மணல் அடங்கிக் கிடக்கிறது.

'தமிழ்நாட்டின் பாலைவனம்' என்று தலைப்பு வைத்து இந்த இடத்தைப் பற்றி நிறைய வீடியோக்கள் வருகின்றன. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. தூத்துக்குடிப் பக்கம் வருடத்துக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை. பெங்களூரைவிடக் குறைவு, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதமெல்லாம் வெயில். ஆனாலும் இந்தத் தேரிகளில் மனிதர்கள் கற்காலத்திலேயே நடமாடியிருக்கிறார்கள். இங்கே கிடைத்த சின்னஞ்சிறு கல்கருவிகளைப் பற்றி சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் என்ற இரண்டு தொல்லியல் ஆய்வாளர்கள் 1956இல் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். தண்ணீர் இல்லாத இடத்துக்கு யார் வருவார்கள்?

அந்தத் தண்ணீரை அண்ணாச்சி காட்டினார். தன் முருங்கைத் தோட்டத்தில், பார்த்தால் பொரிந்து கிடந்த ஒரு இடத்தில், மண்வெட்டியால் நாலு வெட்டு வெட்டினார். மேலே ஒரு சாண் உதிரி. அதற்குக் கீழே மணலின் நிறமே வேறு. கருஞ்சிவப்பு, தொட்டால் ஜில்லென்று இருந்தது. மழை விட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேல்மணல் சீக்கிரம் காய்ந்துவிடுவதால், அதுவே கீழே இருக்கும் ஈரத்துக்கு மூடியாகிவிடுகிறது. களிமண் மாதிரி ஈரத்தை மேலே இழுத்து வெயிலுக்குக் கொடுப்பதில்லை. பெய்கிற மழையும் ஓடி வீணாகாமல் நேரே உள்ளே இறங்கிவிடும். அப்படி இறங்கியதுதான் தேரியின் ஓரத்தில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையாக வெளியே வருகிறது.

திருச்செந்தூரில் கடலுக்குப் பக்கத்திலேயே நாழிக்கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். கரையோர மணலுக்குள் நன்னீர், எடை குறைவு என்பதால், உப்புநீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் நிற்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் வைத்து 1 மீட்டர் இறைத்துக் குறைத்தால், அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் மேலே ஏற வேண்டியதுதான். "பக்கத்துக் கெணறு ரெண்டு கரிச்சுப் போச்சு" என்றபோது அண்ணாச்சியின் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் நெஞ்சு கனத்தது.

தண்ணீரோடு உரமும் கீழே போய்விடும் என்பதுதான் இந்த மண்ணின் குறை. தழைச்சத்தையும் சாம்பல்சத்தையும் பிடித்துவைக்க இதில் களியும் இல்லை, மக்கிய குப்பையும் இல்லை. அதனால் ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைக்கிறார்கள். கோடையில் குளத்து வண்டலான கரம்பை அடிக்கிறார்கள், ஆட்டுக்கிடை போடுகிறார்கள்.

மத்தியானம் பனங்கிழங்கு பிடுங்கினோம். மணலைக் குவித்து அதில் பனங்கொட்டையைப் புதைத்திருந்தார்கள். பிடித்து இழுத்தால் வளைசல் இல்லாமல், முழ நீளத்துக்கு நேராக வந்தது. உதறினால் போதும், மண்ணே ஒட்டவில்லை. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரித்துச் சுடச்சுடத் தின்றோம்.

அல்சூருக்குத் திரும்பியதும் பழைய தொட்டியைக் கவிழ்த்துக் கொட்டினேன். அடியில் இரண்டு ஓட்டை கூடுதலாகப் போட்டு, இரண்டு பங்கு ஆற்றுமணல், ஒரு பங்கு மக்கிய சாணம், கொஞ்சம் பழைய செம்மண் என்று கலந்து நிரப்பினேன். அண்ணாச்சி சாக்கில் சுற்றிக் கொடுத்த போத்தை நட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். அவர் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். பத்து எண்ணுவதற்குள் அடி ஓட்டை வழியாக ஒழுக ஆரம்பித்தது.

"ஆங், இப்ப சரி. இனி நாலு நாளைக்கு இது பக்கமே வராதீய" என்றார்.

மாசி பிறந்தபோது போத்தின் தலையில் மூன்று பச்சை முளை.