'இயற்கை' என்று எழுதினோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள்

ஒரு விவசாய விருதுக்கு நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் முதல் வருடம் நடுவர்கள் கைக்கே போகவில்லை. தகுதி பார்க்கும் கட்டத்திலேயே நின்றுபோனது. காரணம் ஒரே ஒரு சொல்.

நாங்கள் 14 குடும்பங்கள். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாமல் காய்கறி பயிரிடுகிறோம். வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பள்ளிச் சமையலறைக்குக் காய் போகும், போன வண்டியிலேயே அங்கே மிஞ்சிய காய்க்கழிவு திரும்பி வரும், அது மட்கி மறுபடி நிலத்துக்குப் போகும். இதைத் தமிழில் எழுதி, ஆங்கிலத்துக்கு மாற்றி அனுப்பினோம். நமக்கு இயற்கை விவசாயம் என்பது பழகின சொல். மொழிபெயர்த்தவர் அதை அப்படியே 'நேச்சுரல்' ஆக்கிவிட்டார். விருது கொடுப்பவர்கள் தேடியது 'ஆர்கானிக்'. முதலாவது யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளக்கூடிய அடைமொழி. இரண்டாவதைப் பல நாடுகள் சட்டத்தால் வரையறுத்து வைத்திருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 'பயோ', 'எக்கோ' என்ற சுருக்கங்களைக்கூடச் சான்று இல்லாத பொருள்மேல் போட முடியாது. நாங்கள் சான்று வைத்திருந்தோம். ஆனால் படிவத்தில் எங்கேயும் அதைச் சொல்லவில்லை! 'இயற்கை' என்றாலே புரியும் என்று நினைத்துக்கொண்டோம்.

மறுவருடம் முதல் வேலையாகச் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தேன். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. சான்றிதழ் இருந்தது ஒரு பெயரில், குழுவின் வங்கிக் கணக்கு இன்னொரு பெயரில், விண்ணப்பமோ பள்ளித் திட்டத்தின் பெயரில். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று வேறு வேறு அமைப்பு போலத் தெரியும். பெயரைச் சரிசெய்ய ஆறு வாரம் ஆனது, கடைசித் தேதிக்கு நான்கு நாள் முன்னால்தான் புதுச் சான்றிதழ் கைக்கு வந்தது. வெளி நிறுவனம் வந்து ஆய்வு செய்து தரும் சான்றா, விவசாயிகள் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துத் தரும் பங்கேற்பு உத்தரவாத முறையா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சில விருதுகள் இரண்டையும் ஏற்கும், சில முதலாவதை மட்டும்தான். மாற்றுக்காலத்தில், அதாவது ரசாயனத்தை விட்டு ஆர்கானிக்குக்கு மாறிக்கொண்டிருக்கும் காலத்தில், இருக்கும் நிலத்தைச் சேர்க்கலாமா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய விதியில் ஓராண்டுப் பயிர் என்றால் விதைப்புக்கு முன் 2 வருடம், பல்லாண்டுப் பயிர் என்றால் முதல் அறுவடைக்கு முன் 3 வருடம் அந்தக் காலம் ஓட வேண்டும்.

எந்தப் பிரிவில் போடுவது என்பதிலும் முதல் வருடம் தப்புப் பண்ணினோம். பயிர் செய்கிறோம், அதனால் 'சிறந்த விவசாயி' என்று போய்விட்டோம். 2022 முதல் வழங்கப்படும் ஐரோப்பிய ஒன்றிய ஆர்கானிக் விருதுகளையே பாருங்கள்: பெண் விவசாயி, ஆண் விவசாயி, வட்டாரம், நகரம், பயோ மாவட்டம் (விவசாயிகளும் உள்ளூர் நிர்வாகமும் சேர்ந்து ஆர்கானிக்கை வளர்க்கும் பகுதி), சிறு பதப்படுத்தும் நிறுவனம், சில்லறைக் கடை, உணவகம் என்று எட்டு விருது. ஒவ்வொன்றிலும் நடுவர் பார்க்கும் விஷயம் வேறு. நிலத்தை வைத்துப் பார்த்தால் எங்களைவிட நல்ல விவசாயிகள் நூறு பேர் இருப்பார்கள். சமையலறைக்குப் போய் மண்ணுக்குத் திரும்பும் அந்தச் சுற்றுதான் எங்களிடம் இருந்த தனி விஷயம். அதனால் இரண்டாம் முறை, நாங்கள் விண்ணப்பித்த விருதில் இருந்த உணவுத் திட்டப் பிரிவுக்கு மாறினோம்.

இனி மண் கதை. என் வாழ்க்கையிலேயே பெரிய பொய்யை நல்லெண்ணத்தோடு எழுதப் பார்த்த கதை இது. 'உங்கள் பணியால் என்ன மாறியது, எண்களோடு சொல்லுங்கள்' என்று ஒரு கேள்வி. பழைய மண் பரிசோதனை அறிக்கையில் 0.9 என்று இருந்தது, புதியதில் 1.7. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! வரைபடம்கூடப் போட்டுவிட்டேன், பச்சை நிறத்தில். அனுப்புவதற்கு முந்தின இரவு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழையதில் எழுதியிருந்தது அங்ககக் கரிமம் (மண்ணில் மட்கிய பொருளில் உள்ள கார்பன் மட்டும்), புதியதில் அங்ககப் பொருள் (அந்த மட்கிய பொருள் முழுவதும்). கரிமத்தை 1.724 ஆல் பெருக்கி அங்ககப் பொருளாகச் சொல்வது ஆய்வகங்களில் பழைய வழக்கம். 1.7 ஐத் திருப்பி வகுத்தால் 0.99 வருகிறது. ஆக உயர்வு 0.09. அதுவும் இரண்டு வேறு ஆய்வகம், வேறு ஆழத்தில் எடுத்த மண். அந்த வித்தியாசத்தை உயர்வு என்று சொல்லவே முடியாது. வரைபடத்தைத் தூக்கிப் போட்டேன். மனசு வலித்தது, அழகாக வந்திருந்தது.

அந்த இடத்தில் கையில் இருந்ததைப் போட்டோம். 20 சென்டிமீட்டர் நீள அகல ஆழத்துக்கு மண்வெட்டியால் கட்டியாக எடுத்து மண்புழு எண்ணும் பழக்கம் எங்களில் இரண்டு பேருக்கு இருந்தது. எட்டுப் பருவத்துக் கணக்கு ஒரு பழைய நோட்டில். எண்ணெய்க் கறையோடு அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து இணைத்தோம். பள்ளிக்குப் போன காயின் எடைச் சீட்டு, திரும்பி வந்த கழிவின் எடை, மட்கு குவியலின் வெப்பநிலை, இப்படிக் கணக்குக் காகிதங்கள்தான் விண்ணப்பத்தில் பாதி.

நியாயம் பற்றிய கேள்வியில்தான் எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். ஆர்கானிக் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஃபோம் 2005 இல் ஏற்றுக்கொண்ட கொள்கைகள் நான்கு: ஆரோக்கியம், சூழலியல், நியாயம், அக்கறை. பல விருதுகளின் கேள்விகளை இந்த நான்கோடு பொருத்திப் பார்க்கலாம். முதல் இரண்டுக்கு வாய் நிறையப் பேசுவோம். மூன்றாவதான நியாயத்தில் வந்த கேள்வி இது: 'உறுப்பினர்களில் பெண்கள் எத்தனை, முடிவுகளில் அவர்கள் பங்கு என்ன?' பதிவேட்டைப் பார்த்து 3 என்று எழுதினேன். களை எடுத்துக்கொண்டிருந்த ஓர் அக்கா எட்டிப் பார்த்தார். "மூணா? காலையில எண்ணிப் பாருப்பா." எண்ணினேன். பதினொன்று. நிலம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில், அதனால் உறுப்பினரும் பெரும்பாலும் ஆண்கள். நாற்று, களை, பறிப்பு, தரம் பிரிப்பு எல்லாம் இவர்கள். 11 என்று எழுதினால் பதிவேடு பொய்யாகும், 3 என்று எழுதினால் வயல் பொய்யாகும். அந்த வார இறுதியில் கூட்டம் போட்டோம். சத்தம், கோபம், ஒருவர் எழுந்தே போய்விட்டார். கடைசியில் நிலம் யார் பெயரில் இருந்தாலும் வேலை செய்பவரும் உறுப்பினர் என்று விதியை மாற்றினோம். படிவத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினோம்: 'இந்த மாதம்வரை 3, இப்போது 11.'

சொல் வரம்பு பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு பதிலுக்கு 300 சொல். தமிழில் 290 இல் முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். ஆங்கிலத்தில் அது ஐந்நூறைத் தாண்டியது. 'செய்யவேண்டியிருந்ததால்' நமக்கு ஒரு சொல், அவர்களுக்கு ஐந்தாறு. தமிழில் 170 க்குள் எழுதினால்தான் தப்பிக்கலாம்.

இடையில் ஒரு மின்னஞ்சல். நாங்கள் விண்ணப்பிக்காத ஒரு விருதுக்குத் தேர்வாகிவிட்டோமாம், கேடயத்துக்கும் விழா மேசைக்கும் பணம் கட்ட வேண்டுமாம். நடுவர் பெயர் இல்லை, மதிப்பெண் விதி இல்லை, போன வருடம் வாங்கியவர் யார் என்றும் இல்லை. குழுவில் இரண்டு பேர் கட்டலாம் என்றே சொன்னார்கள், கேடயத்தின் படம் அவ்வளவு பளபளப்பு. நல்லவேளை, கட்டவில்லை.

நேர்காணல் இணையத்தில், இருபது நிமிடம். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த எதையும் கேட்கவில்லை. முதல் கேள்வியே, "எது சரிவரவில்லை?" ஒரு மழைக்காலத்தில் மட்கு குவியல் காற்றில்லாமல் அழுகி நாற்றமடித்ததையும், பள்ளி மூன்று வாரம் கழிவு தர மறுத்ததையும் சொன்னேன். அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள் என்று தோண்டித் தோண்டிக் கேட்டார்கள். காய்ந்த இலையும் வைக்கோலும் அதிகம் கலந்தது, மூடி போட்டது, புரட்டும் நாளைச் சுவரில் எழுதியது, அவ்வளவுதான் பதில். அடுத்து, பள்ளி நிர்வாகம் மாறினால் திட்டம் நிற்குமா என்றார்கள். நிற்கலாம் என்றேன். பக்கத்தில் இருந்தவர் மேசைக்கடியில் காலை மிதித்தார்.

இறுதிப் பட்டியலில் வந்தோம், விருது வேறொருவருக்கு. நடுவர்களின் குறிப்பு இரண்டு வரி: பள்ளியோடு எழுத்து ஒப்பந்தம் இல்லை, பாசனநீர்க் கணக்கு இல்லை. இரண்டும் உண்மை. ஒப்பந்தத்தில் போன மாதம் கையெழுத்தானது. நீர்மானி பொருத்தியாயிற்று, தினமும் குறித்து வைக்கத்தான் ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த சுற்று திறந்திருக்கிறது. இந்த முறை படிவம் நிரப்புவது நான் இல்லை, அன்றைக்கு எண்ணிப் பார்க்கச் சொன்ன அந்த அக்கா. நேற்று என்னிடம் கேட்டார்: "அந்த முன்னூறுல தலைப்பும் சேருமாப்பா?"