இரண்டாம் பாகத்துக்கு இசை யார்?

ஒரு படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது என்றாலே மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் நண்பர்கள் கதையைப் பற்றிப் பேசுவார்கள், நான் இசை யார் என்றுதான் முதலில் கேட்பேன். 'இந்தியன்' 1996இல் ரகுமான், 2024இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு அனிருத். 'பில்லா'வுக்கு 2007, 2012 இரண்டிலுமே யுவன் (முதல் படத்தைப் பெரும்பாலும் நம் மலேசியாவில்தான் எடுத்தார்கள்). ஒரே ஆள் என்றால் பழைய மெட்டை வளர்த்தெடுக்க முடியும்.

சரி, யார் இசையமைத்தாலும், ஒரு படத்தில் இந்திய இசையையும் மேற்கத்திய இசையையும் கலப்பது ஏன் கஷ்டம்? ஆர்க்கெஸ்ட்ராவில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் அடுக்காக ஒலிக்கும், நாதஸ்வரமோ ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கமகத்தோடு வழுக்கிப் போகும், அந்த வழுக்கலின் நடுவே கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் அந்தச் சுர அடுக்கு) மாறினால் இரண்டும் உரசும். அதனால் விவரமானவர்கள் வயலின் கூட்டத்தைத் தம்புரா மாதிரி ஒரே சுரத்தில் நிறுத்திவிட்டு ராகத்தை மேலே பேசவிடுவார்கள். அந்த இடம் வந்தால் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும்.

ஆனால் சண்டைக் காட்சி வந்தால் பிராஸ் (டிரம்பெட் மாதிரி பித்தளை ஊதுகருவிகள்) முழங்க, உறுமி ஓரமாகப் போய்விடுகிறது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளத்துக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும் அதன் பலம். அடுத்த பாகத்திலாவது அதை முன்னால் வையுங்கள்.