மணல் தட்டைப் பார்க்கத் தெரிந்தவர்

முதன்முறை ஐந்து நாள் பயணமாகக் கிளம்பியபோது, என் பூனை மிளகைப் பார்த்துக்கொள்ள நான் தேர்ந்தெடுத்தவர் பூனை என்றால் உயிரையே விடுபவர். அந்த ஒரு தகுதியே போதும் என்று நினைத்திருந்தேன். திரும்பி வந்தபோது மிளகு கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தது. கிண்ணத்தில் பழைய உணவின் மேலேயே புது உணவு குவிந்திருந்தது. எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. நாள்தோறும் வந்து கிண்ணத்தை நிரப்பியவர், முந்தைய நாள் வைத்தது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இதைச் சிறிய கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. பூனை இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால், உடலிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதன் வேலையையே முடக்கிவிடக்கூடும். குண்டான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். மிளகு குண்டுதான். அது தப்பியது எங்கள் அதிர்ஷ்டமே தவிர, என் தேர்வின் சிறப்பு அல்ல.

பூனையை விடுதியில் விடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். பூனைக்கு ஆளைவிட இடம் முக்கியம். தன் வாசனை படிந்த மூலைகளை விட்டுப் பிரித்து, அறிமுகமற்ற பூனைகளின் வாசனைக்கு நடுவே வைப்பதைக் காட்டிலும், நாள்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்து போவதே பெரும்பாலான பூனைகளுக்கு நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும் என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஒப்புக்கொள்வதில்லை. நேரத்துக்கு உணவு போடும் தானியங்கிக் கருவியும் அடைத்துக்கொள்ளும், நின்றுபோகும். அதைத் துணையாக வைத்துக்கொள்ளலாமே ஒழிய, மனிதருக்கு மாற்றாக வைக்கக் கூடாது.

அடுத்த முறை ஆள் தேடியபோது, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே, வர விரும்பியவர்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்தேன். நான் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டு, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்பதைக் கவனித்தேன். ஒருவர் கூலியை மட்டும் கேட்டார். இன்னொருவர் வந்ததும் வராததுமாக மிளகைத் தூக்கிக் கொஞ்ச முயன்று, கையில் கீறல் வாங்கிக்கொண்டு போனார். மூன்றாவதாக வந்த அம்மையார் பூனையின் பக்கமே திரும்பவில்லை. தரையில் உட்கார்ந்து என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் கழித்து மிளகு கதவோரம் வந்து எட்டிப் பார்த்தபோது, கண்களை மெல்ல மூடித் திறந்தார். அப்படி இமைக்கும் அந்நியரிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வருகின்றன என்று 2020-இல் பிரிட்டனின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அவர் அந்த ஆய்வைப் படித்தவர் அல்லர், பூனைகளோடு வாழ்ந்தவர்.

அவர் கேட்ட கேள்விகள் இரண்டு. பயந்தால் எங்கே ஒளியும்? ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கும்? இரண்டாவது கேள்வியிலேயே நான் முடிவு செய்துவிட்டேன். பூனை தன் நோயை மறைக்கும் பிராணி. அதன் உடல்நிலையை முகத்தில் படிப்பதைவிட, அது சிறுநீரும் மலமும் கழிக்கும் மணல் தட்டில் படிப்பது எளிது. அதிலும் ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால், ஓரிரு நாட்களிலேயே உயிர் போய்விடக்கூடும். தட்டில் ஏறி நெடுநேரம் முக்கிவிட்டு, மணலை நனைக்காமலே இறங்கும் பூனையைப் பார்த்து, மலச்சிக்கல் போலும் என்று மறுநாள்வரை காத்திருப்பவரிடம் ஆண் பூனையை ஒப்படைப்பது சரியல்ல.

அவருக்கு வேலை எளிதாக வேண்டுமென்றால் நானும் என் பங்கைச் செய்ய வேண்டியிருந்தது. உணவின் அளவு, கால்நடை மருத்துவரின் எண், எந்தத் தொகைவரை என்னைக் கேட்காமலே சிகிச்சை தொடங்கலாம் என்ற ஒப்புதல் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டேன். மருத்துவரிடம் தூக்கிச் செல்வதற்கான பூனைக்கூடையைப் பரணிலிருந்து இறக்கி, கதவைத் திறந்தபடி கூடத்தில் வைத்தேன். பரிசாக வந்திருந்த லில்லிப் பூங்கொத்தை வெளியேற்றினேன். அதன் மகரந்தத்தை நக்கினாலேகூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். மிளகுக்குக் காய்ச்சல் போலத் தெரிந்தால் நம்முடைய பாராசிட்டமாலைக் கொடுத்துவிட வேண்டாம், ஒரே மாத்திரைகூட அதைக் கொன்றுவிடக்கூடும் என்று நான் சொன்னபோது, அது தெரியாதா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

நீண்ட பயணத்துக்கு முன்னால், ஓர் இரவு மட்டும் வெளியே தங்கி ஒத்திகை பார்த்தோம். சாவி பூட்டில் சிக்கிக்கொள்ளும் என்பது அன்றுதான் வெளிப்பட்டது. நான் பழகிப்போய் மறந்திருந்த கோளாறு அது.

பிறகு எட்டு நாட்கள் வெளியூரில் இருந்தேன். அழகான படங்கள் எதுவும் வரவில்லை. சமையலறை மேடையில் ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது. முதல் நாள்: "கிண்ணத்தில் பாதி மீதம். தட்டு இரண்டு இடத்தில் ஈரம். அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது, கண் தெரிந்தது." நான்காம் நாள்: "கிண்ணம் காலி. அருகில் வந்து உட்கார்ந்தது. நான் தொடவில்லை."