மழைக்காலத்தில் பள்ளிக்கு வராத பிள்ளை

நீலகிரியில் கூடலூருக்கு அருகில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது, ஏழாம் வகுப்பில் பணியர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி படித்தாள். ஜூன் மாதம் மழை இறங்கியதும் அவள் பள்ளிக்கு வருவது குறைந்துவிடும். ஆதிவாசிப் பிள்ளைகள் பள்ளியில் தங்கமாட்டார்கள் என்று ஆசிரியர் அறையில் வழக்கமாகப் பேசப்படும் பேச்சையே காரணமாக எடுத்துக்கொண்டு, ஒரு நாள் அவளை வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கடிந்துகொண்டேன். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அதற்கடுத்த வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது, அடுப்பருகே சுருண்டு உட்கார்ந்து, தீயில் காட்டிச் சூடாக்கிய துணியை முழங்காலுக்குக் கீழே திரும்பத் திரும்ப ஒற்றிக்கொண்டிருந்தாள். விழிவெண்மை மஞ்சளேறிக் கிடந்தது. "எலும்புக்குள்ள நோவுது டீச்சர்" என்றாள்.

அவளுக்கு இருந்தது அரிவாள் செல் சோகை. பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறுபட்ட மரபணு ஒவ்வொன்று வந்து சேரும்போது, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்ததும் நீள இழைகளாகக் கோத்துக்கொள்கிறது. வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணு அரிவாள்போல் வளைந்து, நுண்ணிய இரத்தக் குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்கிறது. அந்த அடைப்புதான் எலும்புக்குள் வலிக்கிற வலி. ஏறக்குறைய 120 நாள் வாழவேண்டிய சிவப்பணு சில வாரங்களிலேயே சிதைந்துவிடுவதால் சோகையும் மஞ்சள் கண்ணும் வருகின்றன. குளிரும், உடலில் நீர் குறைவதும், காய்ச்சலும் வலியைத் தூண்டும். நீலகிரியின் மழைக்காலத்தில் அவள் ஏன் வரவில்லை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.

இதை அரிய நோய் என்று சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் பழங்குடியினர் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்தான். அந்த மொத்தக் கணக்கில் வைத்துப் பார்த்தால் இது அரிதாகத்தான் தெரியும். பணியர், இருளர், குறும்பர் குடியிருப்புகளில் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது. மலேரியா மண்டியிருந்த காடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களிடம், இந்த மரபணுவைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றுத் தாங்கியவர்கள் கடுமையான மலேரியாவிலிருந்து தப்பிப் பிழைத்ததால், அது நிலைத்துவிட்டது. இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-இல் அதை வெளியிட்டார்கள். அறிவியல் அறிந்து 50 ஆண்டுகளுக்கும் மேலான பிறகும், அதே மலையில் பாடம் நடத்திய எனக்கு அது தெரிந்திருக்கவில்லை.

எனக்கு மட்டுமல்ல. ஒரு நாள் இரவு வலி மிகுந்து அவளை ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பணியிலிருந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, பிள்ளை நடிக்கிறாள் என்றார். சோகை என்றதும் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். இந்தச் சோகைக்குக் காரணம் இரும்புக் குறைவு அன்று. தாய் பணிய மொழியில் சொன்னதை விளங்கிக்கொள்ள அங்கே ஒருவரும் இல்லை. "நாங்க சொன்னா கேக்கமாட்டாங்க டீச்சரே, நீங்க சொல்லுங்க" என்று அவர் என் புடவை முனையைப் பிடித்தபடி சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. தன் மகளின் வலிக்குச் சாட்சி சொல்ல அவருக்கு வெளியாள் ஒருத்தி வேண்டியிருந்தது.

நோய் பிறகு வேறிடத்தில் கண்டறியப்பட்டது. முதல்கட்டச் சோதனை வியக்கத்தக்க அளவுக்கு எளிது. விரல் நுனியிலிருந்து எடுத்த சிறிதளவு இரத்தத்தைக் கரைசல் உள்ள குழாயில் கலந்து, கோடு போட்ட ஒரு தாளுக்கு முன்னால் பிடிக்கிறார்கள். கோடுகள் தெரிந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இல்லை. கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் இருக்கிறது. அவளது குழாய்க்குப் பின்னால் ஒரு கோடும் தெரியவில்லை. மரபணுவைத் தாங்குபவரா, நோயாளியா என்பதை அதற்கடுத்த சோதனைதான் பிரித்துச் சொல்லும்.

இத்தகைய மக்களுக்குத் துணை நிற்பது என்றால் என்ன என்று பலமுறை யோசித்திருக்கிறேன். கூடலூரில் அஸ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை ஆதிவாசி இளம்பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்ததை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம், அங்கே வலியை மொழிபெயர்க்க யாரும் தேவையில்லை என்பதுதான். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை வலி வரும் முறைகளைக் குறைக்கிறது. ஆனால் இரத்த அணுக்களை அவ்வப்போது எண்ணிப் பார்த்துக்கொண்டே தரவேண்டிய மருந்து அது. மாதந்தோறும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறி வரமுடியாத தோட்டத் தொழிலாளிக்கு அந்த மருந்து எட்டவேண்டுமானால், மருந்தும் சோதனையும் குடியிருப்புக்கு அருகில் போகவேண்டும்.

ஒன்றிய அரசு 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்திருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். மரபணு நிலையைக் குறிக்கும் அட்டையைக் கையில் கொடுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். மரபணுவைத் தாங்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருத்தரிப்பிலும் குழந்தை நோயுடன் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு என்பதைப் பொறுமையாக, அவர்கள் மொழியில் சொல்லவேண்டும். அதை விட்டுவிட்டு மணக்கக் கூடாது என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால், சில ஆயிரம் பேரே உள்ள ஒரு சமூகத்தில் அந்தப் பழி பெண்பிள்ளைகளின்மேல்தான் விழும்.

பள்ளியில் எங்களால் செய்ய முடிந்தது சிறியது. அவள் மேசையில் எப்போதும் தண்ணீர்ப் புட்டி இருக்கலாம், கேட்டதும் கழிப்பறைக்குப் போகலாம், மழை நாளில் வெளியே விளையாட்டு வகுப்பு வேண்டாம், கம்பளிச் சட்டை சீருடை நிறத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று முடிவு செய்தோம். எனக்குப் பணிமாறுதல் வந்தபோது, அவள் தாயிடம் கேட்டுக்கொண்டு, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வருகைப் பதிவேட்டின் முன்னட்டைக்குள் ஒட்டினேன். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போகவேண்டும் என்ற ஐந்தாவது வரியை, அவளே பென்சிலால் கீழே எழுதிச் சேர்த்தாள்.