கடன் கணக்குச் செயலி: நீக்கும் பெட்டியைத் திருத்திய கதை

பினாங்கு ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் மாமா நடத்தும் மளிகைக் கடையின் கடன் புத்தகத்துக்கு மாற்றாக, ஓய்வு நேரத்தில் ஒரு வலைச்செயலி எழுதி வருகிறேன். ஒரு பதிவை அழிக்குமுன் உறுதி கேட்கும் பெட்டியை இந்த வாரம் மாற்றி அமைத்தேன். முன்பு இதற்கென்றே ஒரு தனி நிரல்தொகுப்பைச் சேர்த்திருந்தேன். 2022 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி உலாவிகளும் குரோமைப் பின்தொடர்ந்து, இத்தகைய பெட்டிகளுக்கென்றே உள்ள 'டயலாக்' என்ற ஹெச்டிஎம்எல் உறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டதால், அந்தச் சுமை இனி வேண்டாம் என்று கழற்றிவிட்டேன்.

கழற்றியவுடன் பெட்டி திரையின் இடது மேல் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. அரை நாள் தேடிய பிறகுதான் காரணம் பிடிபட்டது: பெட்டியை நடுவில் நிறுத்துவது உலாவி தானாகவே தரும் 'மார்ஜின்: ஆட்டோ' (சுற்றியுள்ள வெளி இடைவெளியைத் தானாகப் பங்கிடுவது) என்ற வரி, நானோ பழக்கதோஷத்தால் எல்லா உறுப்புகளின் மார்ஜினையும் என் வடிவமைப்புக் கோப்பின் முதல் வரியிலேயே சுழியமாக்கியிருந்தேன். அதைச் சரிசெய்துவிட்டு, பொத்தான்களை அடுக்குவதற்காக டயலாக்குக்கே 'டிஸ்பிளே: ஃபிளெக்ஸ்' கொடுத்தேன். மூடிக் கிடக்கும் பெட்டியை மறைத்து வைப்பதே உலாவி தரும் 'டிஸ்பிளே: நன்' தான், என் வரி அதை மீறிவிடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. "என்னடா, இது போகவே மாட்டேங்குது?" என்று மாமா கைப்பேசியை நீட்டினார். இப்போது அந்த விதி பெட்டி திறந்திருப்பதைக் குறிக்கும் 'ஓப்பன்' பண்பு உள்ளபோது மட்டுமே செல்லுபடியாகும்.

பெட்டிக்குப் பின்னால் பக்கத்தை மூடும் பின்திரைக்கு உலாவி தருவது 10 விழுக்காட்டுக் கறுப்பு மட்டுமே. கல்லாவுக்கு எதிரே ஐந்தடியிலிருந்து (கடை முன்னுள்ள நடைபாதை) வெயில் பாய்கையில் அது கண்ணுக்கே தெரியாததால் 55 விழுக்காடாக்கினேன். மங்கலாக்கும் விளைவு என் கணினியில் அழகாகத்தான் இருந்தது; மாமாவின் பழைய கைப்பேசி திணறியதால் எடுத்துவிட்டேன்.

அழகைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது பொத்தான்கள். மஞ்சள்தூள் படிந்த கட்டைவிரலால் மாமா தொடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபின், இரண்டுக்கும் நடுவே இடைவெளியை அகலப்படுத்தினேன். 'ஆம்', 'இல்லை' என்பவற்றை 'பதிவை நீக்கு', 'வேண்டாம்' என்று மாற்றினேன். கேள்வியிலேயே தொகையும் வரும்: "38.50 ரிங்கிட் கடனை நீக்கவா?" பெட்டி திறந்ததும் முதல் பொத்தானுக்கே குவியம் (என்டர் தட்டினால் இயங்கும் தேர்வு) போய்விடுவதால், விசைப்பலகையில் தெரியாமல் என்டர் தட்டினாலும் கணக்கு அழியாதபடி 'ஆட்டோஃபோக்கஸ்' பண்பை 'வேண்டாம்' பொத்தானுக்குக் கொடுத்தேன். தமிழ் எழுத்துகளின் மேல்பகுதி வெட்டுப்படாமலிருக்க வரி உயரத்தை 1.6 ஆக்கினேன்.

மூடும்போது பெட்டி மெல்ல மறைவது மட்டும் பாக்கி. அதற்கான புதிய விதிகள் மாமாவின் உலாவிக்குப் புரியவில்லை. அவருக்குச் சட்டென்று மூடுவதே பிடித்திருக்கிறது.